மேட்டூர் திறந்தாலும் மும்முனை கரண்ட் கேட்கும் டெல்டா: காவிரிப் பாசனம் மின்கம்பியை நம்பத் தொடங்கியது எப்படி?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தஞ்சாவூர் பக்கத்து டீக்கடைகளில் இரண்டு கேள்விகள் கட்டாயம் காதில் விழும். ஒன்று, "மேட்டூர்ல எத்தனை அடி நிக்குது?" இன்னொன்று, "மும்முனை எத்தனை மணி நேரம் விடுறாங்க?"

முதல் கேள்வி பழையது. இரண்டாவது கேள்விக்கு வயது கொஞ்சம்தான். ஆற்றுப் பாசனத்துக்குப் பேர்போன காவிரி டெல்டாவில், குறுவை நெல் விளைவதும் விளையாததும் ஆற்றில் வரும் தண்ணீரைப் போலவே கம்பியில் வரும் மின்சாரத்தையும் பொறுத்தது என்ற நிலை இன்று இருக்கிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது? தண்ணீர் இல்லாத ஆண்டில் மின்சாரத்துக்கும் ஏன் நெருக்கடி வருகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

பம்பு இல்லாமல் ஓடிய பாசனம்

காவிரி டெல்டாவின் பாசனம் அடிப்படையில் புவிஈர்ப்பு விசையில் இயங்குவது. மேற்கே கல்லணைப் பக்கம் நிலம் மேடு, கிழக்கே கடலோரம் பள்ளம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு என்று தண்ணீரைப் பிரித்துவிட்டால், அது கிளை ஆறு, வாய்க்கால், மடை என்று தானாகவே இறங்கி வயலுக்கு வந்துவிடும். வெள்ளம் அதிகமானால் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்விடும். கரிகால் சோழன் காலத்தது என்று சொல்லப்படும் கல்லணையும், 19-ம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையும், அணைக்கரை கீழணையும் செய்த வேலை இதுதான்.

இதில் எங்கேயும் தண்ணீரைத் தூக்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை. வாய்க்காலைவிட வயல் கொஞ்சம் மேடாக இருந்த இடங்களில் ஏற்றமும் இறைகூடையும் போதுமானதாக இருந்தன.

கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கதை வேறு. அங்கே ஆழமான கிணற்றிலிருந்து இறைத்தால்தான் விவசாயம். அதனால் மின்சார மோட்டார் அந்தப் பகுதிகளில்தான் முதலில் வேகமாகப் பரவியது. 1970-களின் தொடக்கத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த விவசாயிகள் போராட்டம் கோவை வட்டாரத்தில் வெடித்ததற்கும் இதுவே காரணம். ஆற்றுத் தண்ணீர் வாசலுக்கு வந்த தஞ்சாவூருக்கு அன்றைக்கு மின்கட்டணம் அவ்வளவு பெரிய பிரச்சினையாக இல்லை.

1934: ஒரே தண்ணீர், இரண்டு வேலை

1925-ல் தொடங்கிய மேட்டூர் அணைப் பணி 1934-ல் முடிந்தது. 120 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கும் இந்த அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதே திட்டத்தில்தான் இன்று தஞ்சாவூர் நகருக்குள் ஓடும் கல்லணைக் கால்வாயும் வெட்டப்பட்டது. மக்கள் அதை இன்னும் 'புது ஆறு' என்றே சொல்கிறார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் காவிரி பாயாமல் கிடந்த மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனது இந்தக் கால்வாய்தான்.

அணை கட்டி முடித்த மூன்று ஆண்டுகளில், 1937-ல், அங்கே மின் உற்பத்தியும் தொடங்கியது. நீலகிரியில் 1932-ல் தொடங்கிய பைக்காரா மின் நிலையத்துக்குப் பிறகு அன்றைய சென்னை மாகாண அரசு கட்டிய பெரிய நீர்மின் நிலையம் இது. 1960-களில் சுரங்க மின் நிலையமும் சேர்ந்தது. இரண்டும் முழுத் திறனில் ஓடினால் 250 மெகாவாட் வரை கிடைக்கும். அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய கதவணைகளில் அதே தண்ணீர் மறுபடியும் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் டெல்டாவை நோக்கி வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மேட்டூரில் மின்சாரத்துக்காகத் தனியாகத் தண்ணீர் திறப்பதில்லை. பாசனத்துக்குத் திறக்கும்போதுதான் மின்சாரமும் கிடைக்கிறது. வயலுக்குத் தண்ணீர் இல்லை என்றால் டர்பைனுக்கும் இல்லை.

டெல்டாவுக்குள் மோட்டார் வந்தது எப்போது?

திருப்பம் 1960-களில் வந்தது. மத்திய அரசின் 'பேக்கேஜ் திட்டம்' எனப்பட்ட தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு, நாட்டிலேயே முதலில் தேர்வான ஏழு மாவட்டங்களில் அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி-27 என்ற குறுகிய கால நெல் ரகம் 1960-களின் நடுவில் வந்தது. ஒரு போகம் பயிரிட்ட நிலத்தில் இரண்டு போகம் எடுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஜூன் 12-ல் தண்ணீர் திறந்த பிறகு நாற்றங்கால் விட்டு, பறித்து, நடவு நட்டால் அறுவடை தள்ளிப்போகும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது முற்றிய கதிர் வயலில் நிற்கக் கூடாது. அப்படியானால் மே மாதமே நாற்று தயாராக வேண்டும். ஆறு வறண்டு கிடக்கும் மே மாதத்தில் தண்ணீருக்கு எங்கே போவது?

பதில் காலுக்குக் கீழே இருந்தது. ஆறுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து போட்ட மணல் அடுக்கில் நல்ல தண்ணீர் தேங்கியிருந்தது. கும்பகோணம், பாபநாசம், திருவையாறு, திருவிடைமருதூர் பக்கங்களில் பெரிய கிணறு வெட்டத் தேவையில்லை. நுனியில் சல்லடை போன்ற வடிகுழாய் வைத்த பைப்பை மணலுக்குள் இறக்கி மேலே மோட்டாரை வைத்தால் போதும். இதைத்தான் விவசாயிகள் 'பில்டர் பாயிண்ட்' என்கிறார்கள். முதலில் டீசல் இன்ஜின் ஓடியது. பிறகு ஊருக்கு ஊர் மின்கம்பி வந்ததும் மின் மோட்டார் அந்த இடத்தைப் பிடித்தது.

இப்படி நாற்றங்காலுக்கு உதவியாக வந்த மோட்டார், ஆற்றில் தண்ணீர் தாமதமான ஆண்டுகளில் முழுப் பயிரையும் தாங்கும் வேலைக்கு மாறியது.

அது என்ன மும்முனை மின்சாரம்?

வீட்டில் ஃபேன், லைட், டிவி ஓடுவது ஒருமுனை மின்சாரத்தில். அளவு 230 வோல்ட். பம்புசெட் மோட்டாருக்கு மூன்று கம்பிகளில் வரும் மின்சாரம் வேண்டும். கம்பிகளுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கும்.

ராட்டினத்தை ஒருவர் மட்டும் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது விட்டுவிட்டுத்தான் நகரும். மூன்று பேர் சம இடைவெளியில் நின்று மாறி மாறித் தள்ளினால் சீராகச் சுற்றும். மும்முனை மோட்டாருக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். மூன்று முனைகளில் ஒன்று போய்விட்டால் மீதி இரண்டும் கூடுதல் சுமையை இழுக்கும். சூடேறி, கடைசியில் "காயில் போச்சு" என்று மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். நடவு நேரத்தில் அது பணச் செலவோடு முடியாது. பயிருக்கு நாலைந்து நாள் தண்ணீரும் போய்விடும்.

சுமையைக் கட்டுப்படுத்த மின்வாரியம் கிராமப்புற மின்பாதைகளில் மும்முனை மின்சாரத்தைக் குறிப்பிட்ட மணி நேரங்களுக்கு மட்டும் கொடுக்கும் வழக்கம் இப்படித்தான் வந்தது. மற்ற நேரத்தில் வீட்டில் விளக்கு எரியும், வயலில் மோட்டார் ஓடாது. மும்முனை நள்ளிரவில் வந்தால் விவசாயி டார்ச்சோடு வரப்பில் நடக்க வேண்டும். பாம்பு, ஈரக் கையோடு தொடும் ஸ்டார்ட்டர் என்று இரவுப் பாய்ச்சலில் உயிருக்கே ஆபத்து உண்டு. இதற்காக 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' வைத்தார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். ஆனால் ஊரில் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும், டிரான்ஸ்பார்மர் திணறும்.

2012: தண்ணீரும் இல்லை, கரண்டும் இல்லை

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. ஆனால் 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை.

- 2012: செப்டம்பர் 17
- 2013: ஆகஸ்ட் 2
- 2014: ஆகஸ்ட் 15
- 2015: ஆகஸ்ட் 9
- 2016: செப்டம்பர் 20
- 2017: அக்டோபர் 2
- 2018: ஜூலை 19
- 2019: ஆகஸ்ட் 13

இதில் 2012 தனி ரகம். தமிழ்நாடு முழுக்க மின்பற்றாக்குறை உச்சத்தில் இருந்த ஆண்டு அது. சென்னையில் 2 மணி நேர மின்வெட்டு என்றால், மற்ற மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. பற்றாக்குறை நேரத்தில் வெளி மாநிலங்களிலிருந்து வாங்கலாம் என்றால், தென்னிந்திய மின்தொகுப்பு அப்போது நாட்டின் மற்ற பகுதி மின்தொகுப்போடு முழுமையாக இணைக்கப்படவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை மூலம் அந்த இணைப்பு கிடைத்தது 2013 டிசம்பர் கடைசி நாளில்தான்.

ஆற்றில் தண்ணீர் வராததால் மோட்டாருக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆற்றில் தண்ணீர் வராததாலேயே மேட்டூரில் நீர்மின் உற்பத்தியும் விழுந்தது. தேவை ஏறும்போதே உற்பத்தி இறங்கும் இந்த இரட்டை அடிதான் டெல்டாவின் அடிப்படைச் சிக்கல். மேட்டூர் தரும் மின்சாரம் மாநிலத்தின் மொத்தத் தேவையில் சிறு பங்குதான் என்றாலும், பற்றாக்குறைக் காலத்தில் ஒவ்வொரு மெகாவாட்டும் கணக்கில் வரும். அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு அறிவித்த குறுவைச் சிறப்புத் தொகுப்பில், டெல்டாவுக்கு 12 மணி நேர மும்முனை மின்சாரம் முக்கிய அம்சமாக இடம்பெற்றதன் பின்னணி இதுதான். பில்டர் பாயிண்ட் வைத்திருந்தவர்கள் அதை வைத்துத்தான் குறுவையைக் காப்பாற்றினார்கள். இல்லாதவர்கள் சம்பாவுக்காகக் காத்திருந்தார்கள்.

நகரத்தின் பங்கு என்ன?

மின்வெட்டு வயலோடு நின்றுவிடவில்லை. தஞ்சாவூர் நகருக்குக் குடிநீர் கொள்ளிடம், வெண்ணாற்றுப் பகுதிகளிலிருந்து பம்ப் செய்துதான் வருகிறது. கரண்ட் இல்லை என்றால் மேல்நிலைத் தொட்டி நிறையாது, தெருக்குழாயில் தண்ணீர் வராது. இட்லி மாவு அரைக்க "கரண்ட் எப்போ வரும்?" என்று நேரம் பார்த்த வீடுகள், ஐஸ் உருகிய கடைகள், இன்வெர்ட்டர் வாங்கக் கடன் வாங்கிய குடும்பங்கள் என்று அந்த நாட்களை ஊர் இன்னும் மறக்கவில்லை.

நெல்லும் வயலோடு மின்சாரத்தை விட்டுவிடுவதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தூற்றும் இயந்திரம், ஆலையில் அரவை இயந்திரம், கிடங்கு விளக்கு எல்லாமே மின்சாரத்தில்தான். நெல்லை அவிக்கும் கொதிகலனுக்கு மட்டும் உமியே எரிபொருள். அந்த ஒரு வேலையில்தான் நெல் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இலவச மின்சாரம்: யார் கொடுக்கிறார்கள்?

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1990-ல் கருணாநிதி ஆட்சியில் அது எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. 2003-ல் ஜெயலலிதா அரசு இதை நிறுத்தியது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு மீண்டும் கொடுத்தது. அதன் பின் எந்த அரசும் இதைத் தொடவில்லை. இன்று மாநிலத்தில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. 2021 செப்டம்பரில் மட்டும் புதிதாக ஒரு லட்சம் இணைப்புகள் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

விவசாயிக்கு இலவசம் என்றாலும் மின்வாரியத்துக்குச் செலவு உண்டு. அதை அரசு மானியமாகத் தருகிறது. ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாம். 5 ஹெச்பி மோட்டார் என்பது சுமார் 3.7 கிலோவாட். 12 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 45 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இந்த மோட்டார் இரண்டு நாளும் சொச்சத்திலும் முடித்துவிடும். பெரும்பாலான விவசாய இணைப்புகளில் மீட்டர் இல்லை என்பதால் எவ்வளவு மின்சாரம் போகிறது, எவ்வளவு நிலத்தடி நீர் வெளியே வருகிறது என்ற இரண்டுக்குமே துல்லியமான கணக்கு கிடையாது.

மறுபக்கமும் இருக்கிறது. நெல்லுக்கு விலை வைப்பவர் விவசாயி இல்லை. ஆறு ஏமாற்றியதற்கும் அவர் காரணம் இல்லை. அந்த நிலையில் மோட்டார் செலவையும் அவர் தலையில் வைத்தால் குறுவையே நடக்காது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

கரண்ட் இருந்தும் தண்ணீர் இல்லாத ஆண்டு

2012-ல் கரண்ட் இல்லாதது சிக்கல். 2016-ல் கதை மாறியது. அப்போது மின்பற்றாக்குறை பெரிதும் தீர்ந்திருந்தது. ஆனால் மேட்டூர் செப்டம்பர் 20-ல்தான் திறந்தது, வடகிழக்குப் பருவமழையும் மோசமாகப் பொய்த்தது. நிலத்தடி நீர் இறங்கியது. மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. சம்பா கருகியது. கருகிய பயிரைப் பார்த்து டெல்டா விவசாயிகள் உயிரிழந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

பில்டர் பாயிண்ட் எடுக்கும் தண்ணீரும் காவிரித் தண்ணீர்தான் என்பதை அந்த ஆண்டு காட்டியது. ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் நீர் நின்று இறங்கினால்தான் மணல் அடுக்கு நிறையும். ஆறு பல ஆண்டுகள் தொடர்ந்து தாமதித்தால், மோட்டார் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கணக்கு காலியாகும்.

இன்னொரு பிரிவினருக்கு மோட்டார் எப்போதுமே கைகொடுத்ததில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி போன்ற கடைமடைப் பகுதிகளில் பூமிக்குக் கீழே பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். எத்தனை மணி நேரம் மும்முனை கொடுத்தாலும் அங்கே குறுவைக்கு ஆறு வந்தாக வேண்டும். தலைமடைக்கும் கடைமடைக்கும் இருந்த பழைய ஏற்றத்தாழ்வை மின்சாரம் குறைக்கவில்லை. சில இடங்களில் கூட்டியது என்றே சொல்ல வேண்டும்.

கஜா சாய்த்த கம்பங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் லாரி போக முடியாத சேற்று வயலில் கம்பங்களைத் தோளில் சுமந்துகொண்டு போய் நட்டார்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கத்தில் தென்னையோடு மின்பாதையும் விழுந்ததால், மிச்சமிருந்த மரத்துக்குத் தண்ணீர் விடக்கூட வழியில்லாமல் போனது. புயல் பாதை ஓரத்தில் இருக்கும் ஒரு பகுதி, பாசனத்துக்கு மின்கம்பியை நம்பும்போது வரும் ஆபத்து அது.

இனி என்ன வழி?

முதல் ஆறுதல் காற்று. குறுவைப் பருவமான ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதிகளில் காற்றாலைகள் வேகமாகச் சுற்றும் காலம். குடகில் மழை கொட்டி மேட்டூரை நிரப்பும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, இங்கே மின்சாரமும் தருகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அக்டோபரில் காற்று விழுந்துவிடும். சம்பா, தாளடிக்கு அதை நம்ப முடியாது.

இரண்டாவது, சூரிய சக்தி பம்புசெட். அரசு மானியத்தில் இது கிடைக்கிறது. பகலில் ஓடும், இரவு வரப்பில் நடக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டச் செலவே இல்லாத பம்பு, தேவைக்கு மேல் இறைக்கவும் தூண்டும் என்பதை மறக்கக் கூடாது. மூன்றாவது, விவசாயத்துக்கு மின்பாதையைத் தனியாகப் பிரிப்பது. இதனால் வீட்டு விளக்கைத் தொடாமல் பகலிலேயே மும்முனை கொடுக்க முடியும்.

டெல்டாவின் மண்ணுக்குக் கீழேயே எரிவாயு இருக்கிறதே என்று கேட்கலாம். மன்னார்குடி அருகே கோவில்களப்பால், மயிலாடுதுறை அருகே குத்தாலம் ஆகிய இடங்களில் தலா 100 மெகாவாட்டுக்குச் சற்று மேல் திறன் கொண்ட எரிவாயு மின் நிலையங்கள் உள்ளன. ஆனால் மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிரான நீண்ட போராட்டங்களுக்குப் பிறகு, 2020 பிப்ரவரியில் டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டது. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கும் பாதை அதோடு அடைபட்டது. மின்சாரத்துக்காக வயலைக் கொடுப்பதில்லை என்று டெல்டா எடுத்த முடிவு அது.

எல்லா வழிகளும் கடைசியில் ஓர் இடத்தில் வந்து சேர்கின்றன. 2020, 2021, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் மேட்டூர் சரியாக ஜூன் 12-ல் திறந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்தது. 2024-ல் மறுபடியும் ஜூலை 28 ஆனது. எந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மோட்டார் தாமதமான ஆண்டைச் சமாளிக்கலாம். ஆறு நல்லபடியாக ஓடும் ஆண்டில் தூர்வாரிய வாய்க்கால் வழியே தண்ணீர் கடைமடை வரை போய், குளம் நிறைந்து, நிலத்தடிக்கு இறங்கினால்தான் அடுத்த வறட்சியில் மோட்டாருக்கு எடுக்க ஏதாவது இருக்கும்.

அதனால்தான் மேட்டூரில் எத்தனை அடி என்ற கேள்வி இன்னும் முதல் கேள்வியாகவே இருக்கிறது. மும்முனை எத்தனை மணி நேரம் என்பது அதற்கு அடுத்துதான்.